ததீசி முனிவருக்கு எதற்கு அஞ்சல்தலை என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், முடியவில்லை. மேடையில் பேசியவர் ததீசி முனிவரின் அஞ்சல்தலையைத் திரையில் போட்டு, "இவருக்கு ஆதார் அட்டை இருக்கா?" என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவர்களும்தான்.

1988இல் வெளியான 60 பைசா அஞ்சல்தலை அது. விருத்திராசுரனை வெல்ல இந்திரனுக்கு ஆயுதம் வேண்டும் என்றபோது, உயிரை விட்டு முதுகெலும்பைத் தந்தவர் ததீசி. மதுரைத் திருவிளையாடலில் இந்திரன் பழி தீர்த்த படலத்தில் இந்தக் கதை வருகிறது. மீனாட்சியைக் கும்பிடப் போகிற நமக்கு அவர் அந்நியரா?

"புராணம் வரலாறு ஆகுமா?" என்பீர்கள். ஆகாது. ஆகும் என்று யார் சொன்னது? அஞ்சல்தலை பிறப்புச் சான்றிதழ் இல்லை. எதைப் பெரிதாக நினைக்கிறோம் என்று ஒரு நாடு சொல்வது, அவ்வளவுதான். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பதக்கத்தை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர், ததீசியை நினைத்துத்தான் அவர் எலும்பில் செய்த வஜ்ஜிராயுதத்தை அதில் வைத்தார். அதைப் பார்த்தும் சிரிப்பீர்களா?

"தமிழர் யாரும் கிடைக்கலையா?" என்று இன்னொருவர். ஐயா, வள்ளுவருக்கு 1960லேயே வந்துவிட்டது. அன்புடையார் 'என்பும் உரியர் பிறர்க்கு' என்று எழுதியவரும் அவர்தான். என்பு என்றால் எலும்பு.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, அஞ்சல்தலை சேர்ப்பவர். பட்டசாலையில் உட்கார்ந்து, உறையோடு வெட்டிய துண்டுகளைக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை ஊறியதும் நகத்தால் மெல்ல உரித்துப் பழைய பேப்பரில் காயவைப்பார். ததீசி கதையை எனக்குச் சொன்னது அப்படி ஒரு சாயங்காலத்தில். அப்புறம் அவரே கண்தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அவர் இறந்த அன்று ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். பங்காளிகள் விடவில்லை. "அடுத்த பிறவியில் குருடாப் பிறப்பாக" என்றார்கள். ஐந்தாவது படித்த எங்கள் ஆத்தா, என்னைப் பெற்றவள், முகப்புக்கு வந்து நின்றது. "அந்தச் சாமி முதுகெலும்பையே குடுத்தாராம். இவுக கண்ணைக் குடுக்கக் கூடாதா? டாக்டரை உள்ளே விடுங்க."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை சிரித்தீர்கள். கதை என்றால் பொய் என்று படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்ல வருகிறது. அந்தக் கதை அன்றைக்கு எங்கள் வீட்டில் வேலை செய்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மேடையில் பேசியவர் எனக்கு முறைக்குத் தம்பிதான். வீட்டுக்கு வரட்டும். முத்திரை மை பாதி விழுந்த ததீசி, அப்பச்சியின் கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறார், காட்டுகிறேன். அதுவரை யாரும் அந்தக் காணொளியை எனக்கு அனுப்ப வேண்டாம்.