சாஃப்ட்வேர் இணைப்பால் ஸ்டாக் பாதியாகாது
"சப்ளையர், கிடங்கு, கடை மூன்றையும் ஒரே சாஃப்ட்வேரில் இணைத்தாலே ஸ்டாக் பாதியாகிவிடும்" என்று சிலர் சொல்வது சரியல்ல. பாதுகாப்பு இருப்பை, அதாவது விற்பனை திடீரென்று கூடினாலும் தீராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் ஸ்டாக்கை, தீர்மானிப்பது விற்பனையின் ஏற்ற இறக்கமும் சரக்கு வந்துசேரும் நாட்களும்தான். 95% சேவை நிலைக்கு (அடுத்த சரக்கு வரும்வரை 100-ல் 95 முறை ஸ்டாக் தீராமலிருக்க) கணக்கு: 1.65 × தினசரி விற்பனையின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) × சரக்கு வந்துசேரும் நாட்களின் வர்க்கமூலம். திட்டவிலக்கம் 20 பீஸ் என்றால், தவறாமல் 16 நாளில் வரும் சரக்குக்கு 132 வேண்டும்; 9 நாளாக்கினால் 99. கால்வாசிதான் குறைகிறது. பாதியாக வேண்டுமா, 4 நாளில் வரவேண்டும்.

இணைப்பின் நிஜ லாபம் வேறு. கடையின் பில் விவரம் நேரே உற்பத்தியாளருக்குப் போனால், ஒவ்வொரு கட்டத்திலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆர்டரைக் கூட்டிப் போடுவது அடங்கும். இணைப்பதற்குமுன் இரு பக்கத்துப் பொருள் குறியீட்டையும் அலகையும் ஒத்துப்பாருங்கள். கடை கேட்ட 10 பீஸ், சப்ளையர் பக்கம் 10 பெட்டியாகப் பதிவானால், பெட்டிக்கு 12 வீதம் 120 வந்து இறங்கும். தானியங்கி ஆர்டரில் போன் போட்டுக் கேட்கவும் ஆளில்லை.