நாயை மட்டும் குளிப்பாட்டினால் தெள்ளு போகாது

நாய், பூனை மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சிக்கு வீட்டு வைத்தியம் சொல்லும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன வேப்பிலைத் தண்ணீர்க் குளியல் இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் குழைத்துத் தடவும் யோசனையைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நாயும் பூனையும் நக்கியே தீரும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

தெள்ளுதானா என்று முதலில் பாருங்கள். வாலடியில் பேன் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. சீப்பில் சிக்கியதை நசுக்க மெனக்கெடாமல் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள்.

உடம்பில் தெரிவது சொற்பம். முட்டை முடியில் ஒட்டாது, நாய் படுக்கும் சாக்கிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்து கிடக்கும். சாக்கை எரித்துவிடுவதே மேல். துணி விரிப்பு என்றால் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். முட்டை பொரித்து வளர்ந்து கூட்டுக்குள் அடங்கிய கூட்டுப்புழுவை எந்த ஸ்ப்ரேயும் லேசில் தொடாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வு பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான். ஆகவே தினமும் வாக்குவம் போட்டு, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.

இரவில் விளக்கடியில் அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு வைக்கலாம். லிக்விட் விடாவிட்டால் தெள்ளு மூழ்காமல் தப்பிவிடும். எத்தனை விழுகிறது என்று பார்க்கத்தான் இது உதவும், ஒழிக்க அல்ல.

மலத்தில் அரிசி போல வெள்ளைத் துண்டு தெரிந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்கியதால் வந்திருக்கும். அதற்குக் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை வாங்குங்கள்.