குறைந்தபட்ச வேதனம் உயர்ந்தால் வேலை பறிபோகுமா?

திருகோணமலைக் கடைகளிலும் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளிலும் வேலை செய்வோரிடையே, "குறைந்தபட்ச வேதனத்தைக் கூட்டினால் முதலாளிமார் ஆட்களை நிறுத்துவார்கள், நட்டம் ஏழைத் தொழிலாளிக்கே" என்ற தகவல் பகிரப்படுகிறது. பொதுவிதியாக இது தவறு.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச மாத வேதனத்தை 10,000 ரூபாவாக நிர்ணயித்தது. அது 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. பலர் கவனிக்காத ஒன்றும் இதில் உண்டு: ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதம் சம்பளத்தோடு சேர்ந்தே உயர்வதால், 30,000 ரூபா பெறுபவரின் கணக்கில் முதலாளியின் பங்காக மட்டும் மாதந்தோறும் 3,600 ரூபா சேர வேண்டும்.

1992இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் மணித்தியால வேதனத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியபோது, டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற பொருளியலாளர்கள் அங்குள்ள துரித உணவகங்களை அயல் மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டு, வேலைவாய்ப்புக் குறையவில்லை எனக் கண்டனர். சம்பளம் போதாமல் ஆட்கள் அடிக்கடி விலகுவதால் முதலாளிக்கு ஏற்படும் செலவை அந்தத் தகவல் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனினும், எவ்வளவு உயர்த்தினாலும் பாதிப்பில்லை என்று சொல்வதும் சரியன்று. வேலை நேரம் குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உள்ளன.

மீன்பாட்டில் பங்கு பெற்றுக் கடலுக்குச் செல்வோருக்கும், சொந்தமாக ஓட்டோ ஓட்டுவோருக்கும் இவ்வுயர்வு நேரடியாகக் கிட்டாது என்பதே உண்மையான குறை. சட்டத் தொகைக்குக் குறைவாகச் சம்பளம் பெறுபவர்கள், இத்தகைய தகவலுக்கு அஞ்சி வாளாவிராமல், தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.