சாப்பிடாத சாண்ட்விச்சும் சாகாத வதந்தியும்

'மாமா காஸ்' என்று அறியப்பட்ட அமெரிக்கப் பாடகி காஸ் எலியட், சாண்ட்விச் தொண்டையில் சிக்கி இறந்தார் என்ற கதை ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றுகிறது. இது தவறு.

1974 ஜூலை 29 அன்று லண்டனில் அவர் தங்கியிருந்த வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 32. படுக்கை அருகே ஒரு சாண்ட்விச் இருந்தது உண்மைதான். ஆனால் அது கடிக்கப்படவே இல்லை. பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் உணவுத் துணுக்கு எதுவும் இல்லை, இறப்புக்குக் காரணம் இதயச் செயலிழப்பு என்று தெரியவந்தது. அந்தத் தகவல் வருவதற்குள் கதை உலகைச் சுற்றிவிட்டது. அதை முதலில் எழுதிய பத்திரிகையாளர் சூ கேமரூன், காஸின் மேலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதியதாகப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார்.

மெலிந்த பாடகி ஒருவர் இறந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவர் உடல் பருமனைக் கிண்டல் செய்ய வசதியான கதை இது.

'தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ்' குழுவின் நான்கு குரல்களில் தனித்து ஒலித்தது காஸின் குரல். இறப்பதற்கு முன் இரண்டு வாரங்கள் லண்டன் பலேடியம் அரங்கில் தனியாகப் பாடினார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.