‘ஃபோர்மட் அடிச்சாச் சரிவரும் அக்கா’

கொம்பியூட்டர் திருத்துகிற தம்பிமாரே, உங்களுக்கு ஃபோர்மட் அடிப்பதை, அதாவது டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதைத் தவிர, வேறு ஏதாவது தெரியுமா? கோபத்தில்தான் கேட்கிறேன். மெசின் மெதுவாக ஓடினால் ஃபோர்மட். சூடாகி நின்றால் ஃபோர்மட். நீலத் திரை வந்தால் ஃபோர்மட். உள்ளே ஏதோ கறகற என்று சத்தம் கேட்கிறது என்று சொன்னாலும், காதைக்கூடக் கிட்டக் கொண்டுபோகாமல், "ஃபோர்மட் அடிச்சாச் சரிவரும் அக்கா, பின்னேரம் வாங்கோ." பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் இதே வசனம். கிளிநொச்சி ரவுணுக்குக் கொண்டுபோனால் வசனம் மாறாது, காசு மட்டும் கூடும்.

நான் வைத்திருப்பது ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் மெசினைப் போட்டால் திகதி 2012 ஜனவரி என்று காட்டுகிறது. எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. இணைப்புப் பாதுகாப்பில்லை என்று திரை மிரட்டுகிறது. வாசலில் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பண அலுவலாக வந்த சனம் நிற்கிறது. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு: "வைரஸ் அக்கா. ஃபோர்மட்."

வைரஸாம்! மதர்போர்டில் ஒரு வட்டப் பற்றரி இருக்கிறது. சிஆர்2032 என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதுதான் அந்த இலக்கம். 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்திலும் மெசினுக்குள் இருக்கிற மணிக்கூட்டை ஓடவைப்பது அதுதான். அது செத்தால், பிளக்கைக் கழற்றிப் போடும்போதெல்லாம் மெசின் பழைய திகதிக்கு ஓடிப்போய்விடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாள், முடியும் நாள் என்று இரண்டு உண்டு. 2012இல் நிற்கிற மெசினைப் பொறுத்தவரை இந்த வருடத்துச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை. அதனால்தான் திறக்க மறுக்கிறது. பற்றரியை மாற்றினால் முடிந்தது. ஒரு சோற்றுப் பார்சலின் விலைகூட வராது.

இந்தப் பழுது எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வேளைக்கே வரும், அதற்கும் காரணம் இருக்கிறது. சுவர்ப் பிளக்கில் இருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை மணிக்கூடு அந்தக் கரண்டிலேயே ஓடும், பற்றரிக்கு வேலை இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம்? ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். பிடுங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ரவுட்டரும் போகும் மெசினும் போகும். ஆனால் பிடுங்கின நேரமெல்லாம் அந்தச் சின்னப் பற்றரிதான் தேய்கிறது. வன்னியில் கடை வைத்திருக்கிற ஒருவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

வைரஸ் என்று சொன்ன அந்தக் கடைத் தம்பி என்ன செய்தான்? என்னைக் கேட்காமலே ஃபோர்மட் அடித்துத் தந்தான். திகதியைக் கையால் சரிசெய்து, இணையத்தைத் திறந்து காட்டி, காசையும் வாங்கினான். அடுத்த நாள் காலையில் திரும்பவும் 2012. இதற்குள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுகிற என் பாமினி எழுத்துரு போய்விட்டது. பழைய கடிதங்களையெல்லாம் வேறாக ஒரு பென்டிரைவில் வைத்திருந்தபடியால் அவை தப்பின, ஆனால் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கிராம சேவையாளருக்கான கடிதம் ஒன்றை அவசரமாகக் கேட்டு வந்த ஐயா, திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது என்ன பாஷை?" என்றார். எழுத்துருவைத் தேடிப் போட்டபிறகுதான் தமிழ் திரும்பி வந்தது.

என்னுடையது பரவாயில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் லப்டொப்புக்கு நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதன் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் எந்த மென்பொருளாலும் வருவதில்லை. லப்டொப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. படிக்கிற ஊசிமுனை தட்டைத் தொடாமல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. அந்த முனை வழி தெரியாமல் திரும்பத் திரும்பத் தேடும்போது வருகிற சத்தம்தான் அது. அப்படிக் கேட்டால் மெசினை உடனே நிற்பாட்ட வேண்டும். டிஸ்கைக் கழற்றி, வேறு மெசினில் பூட்டி, எடுக்கக்கூடியதை முதலில் எடுக்க வேண்டும். அப்புறம்தான் மற்றக் கதை.

அந்த டிஸ்கில் என்ன இருந்தது தெரியுமா? 2009இல் வன்னியில் இருந்து வெளியே வந்த சனத்திடம் படப் பெட்டி எங்கே இருந்தது? அக்காவின் கலியாணப் படம், தாய் தகப்பன் படம், தம்பியின் படம், ஒன்றும் மிஞ்சவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டுக் கேட்டு, அவர்களிடம் இருந்த பிரதிகளை ஸ்கேன் செய்து அனுப்பவைத்து, வருடக்கணக்காகச் சேர்த்திருந்தார். அவற்றைத்தான் திருத்தக் கொடுத்த கடையில் பின்னேரத்துக்குள் துடைத்துக் கொடுத்தார்கள். சும்மா ஃபோர்மட் மட்டும் என்றாலும் கொஞ்சம் மீட்டிருக்கலாம், ஏனென்றால் அது பெரும்பாலும் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. ஆனால் அதே இடத்தில் விண்டோஸை ஏற்றினார்கள். விண்டோஸ் ஏறின இடத்தில் இருந்தது போனதுதான். சாகக் கிடந்த டிஸ்கை இன்னும் போட்டு அடித்ததில் மிச்சமும் போனது. கொஞ்ச நாளில் டிஸ்க் முற்றாக நின்றுவிட்டது.

அக்கா அழுதுகொண்டு திரும்பிப் போனபோது அந்தத் தம்பி கேட்டானாம், "பக்அப் எடுத்து வைக்கேல்லையா அக்கா?" அடேய், இந்தக் கேள்வியை நீ அடிக்க முதல் கேட்டிருக்க வேண்டும்!

இதே வன்னியில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் வராது, பற்றரி வராது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவர், இயந்திரத்தில் ஸ்குரூட்றைவரின் முனையை வைத்து, பிடியில் காதை வைத்து, எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் ஆணியில் கை வைப்பார். மாற்றப் பொருள் இல்லாதபடியால் பழுதை அறிந்தே ஆகவேண்டியிருந்தது. இப்போது பொருள் இருக்கிறது, அறிகிற பழக்கம் எங்கே போனது?

வெயில், புழுதி கதைக்கு வருவோம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள் கூட்டக் கூட்டச் செம்புழுதி. அது லப்டொப் காற்றாடிக்குள் போய்ப் படிகிறது. சூடு வெளியே போகாவிட்டால் செயலி தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறினால் மெசினே நின்றுவிடும். சனம் அதை ‘ஸ்லோ’ என்று கொண்டுவரும். மூடியைக் கழற்றி, தூரிகையால் தட்டி, செயலியின் மேல் காய்ந்துபோன, சூடு கடத்துகிற பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினால் காணும். ஃபோர்மட் அடித்தால் புழுதி போகுமா?

இன்னொன்று, மெசின் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்று கரண்ட் அடிப்பது. அதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த ஆலோசனை: "செருப்புப் போட்டுக்கொண்டு பாவியுங்கோ அக்கா." இங்கே 230 வோல்ட் மின்சாரம். பவர் சப்ளைக்குள் இருக்கிற வடிகட்டிக் கொண்டென்சர்கள் பெட்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கின்றன. ஏர்த், அதாவது நிலத்துக்குப் போகிற இணைப்பு, இல்லாவிட்டால் பெட்டியில் ஏறக்குறையப் பாதி வோல்ட் நிற்கும். ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஆனால் கையில் உணரும். அப்படி அடித்தால் முதலில் வீட்டு ஏர்த்தைப் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டைப் பிளக்கில் மேல் ஓட்டைக்குள் பேனையைச் செருகி இரண்டு முனைப் பிளக்கைப் பூட்டுகிற ஊர் இது. கோடையில் மண் காய்ந்தால் நட்டு வைத்த ஏர்த் கம்பியும் சரியாக வேலை செய்யாது. செருப்பாம்!

ஃபோர்மட் சரிவராவிட்டால் அடுத்த தீர்ப்பு தயாராக இருக்கும்: "மதர்போர்ட் போயிட்டுது." 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டினபிறகு மதர்போர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு இடிக்கும். திரை வராமல் பீப் பீப் என்று மட்டும் கத்தின ஒரு மெசினுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் சொன்னார்கள். அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை வந்து, ரேம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, திரும்பவும் இறுக்கிப் பூட்டினது. மெசின் எழும்பிவிட்டது. அந்த பீப் என்பதே மெசின் தன் பழுதைச் சொல்கிற முறை, கொம்பனிக்குக் கொம்பனி எண்ணிக்கை மாறும். கேட்டுப் பார்த்தால்தானே.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். 1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிகாபைட்தான் காட்டுகிறது, கடைக்காரன் மிச்சத்தைக் களவெடுத்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். களவில்லை. தயாரிப்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. சனமும் லேசுப்பட்டதில்லை. தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, "ஒண்டும் செய்யேல்லத் தம்பி, தானா நிண்டுட்டுது" என்று கொண்டுவந்து வைக்கும்.

ஆனால் 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இங்கே ஓடுகிற பழைய மெசின்களில் நிறைய அதற்குத் தேறாது. உங்களுக்கு ஃபோர்மட் அடிக்க இன்னொரு சாட்டுக் கிடைத்துவிட்டது. போன கிழமை ஒரு கடையில் சொல்லிப் பார்த்தேன்: என்ன பழுது, எதை மாற்றப் போகிறாய், எதை அழிக்கப் போகிறாய், மூன்றையும் ஒரு துண்டில் எழுதித் தா, அப்புறம் தொடு என்று. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை அக்கா" என்றான். ஒருத்தரும் கேட்காதபடியால்தான் நீங்கள் இப்படி இருக்கிறீர்கள் தம்பி. நான் கேட்பேன். துண்டு தராத கடையில் மெசினை வைக்கமாட்டேன், என் கடைக்கு வருகிற சனத்திடமும் அதையே சொல்லி அனுப்புகிறேன்.