பழைய சொவத்துக்குள்ள ஒரு கடல் இருக்கு

பெரியபட்டினம் பக்கம் எங்க அப்பத்தா வீட்ட போன வாரம் இடிச்சாங்க. ஜேசிபி ஒரு தட்டு தட்டுனதும் காரை உதிர்ந்து உள்ள வெள்ள வெள்ளையா கல்லு, கிட்டப் போய்ப் பாத்தா பூப்பூவா ஓட்டை, அத்தனையும் பவளப்பாறை. அந்தக் காலத்துல பாருல (கடலுக்குள்ள இருக்குற பவளத் திட்டு) இருந்து பேத்து வத்தையில, அதான் படகுல, ஏத்திட்டு வந்து கட்டுனது, பூசுன சுண்ணாம்பும் அதையே காளவாசல்ல போட்டுச் சுட்டதுதான். தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்குற சர்ச்சும் இதே கல்லுதான்.

மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்துச்சு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. இப்படி வருசக்கணக்கா கல்லு எடுத்ததும் அதுக்கு ஒரு பெரிய காரணம். அப்ப அந்தக் கடலோட ஒரு பங்கு நம்ம சொவத்துலதான இருக்கு?

தொல்லியல்னா நமக்கு ராமநாதபுரம் பக்கம் தோண்டிப் பாத்த அழகன்குளம்தான். ரோமானியக் காசு, கப்பல் கீறுன பானை ஓடு, எனக்கும் அதுல ரொம்பப் பெருமை. ஆனா 2000 வருசப் பழசா இருந்தாத்தான் தொல்லியல்ங்கிற நெனப்பு இனிமே ஆகாதுன்னு தோணுது, ஏன்னா மனுசன் கடலையும் காத்தையும் மாத்துனது முக்காவாசி இந்த எரநூறு வருசத்துலதான், அதுக்கான சாட்சியெல்லாம் ஆழத்துல இல்ல, மேலயே கெடக்கு, அதனாலயே சீக்கிரம் அழியுது. வயசு கணக்குப் போடுற கார்பன் 14 முறையவே நாம கெடுத்துட்டு வர்றோம். ஒரு பொருள்ல கார்பன் 14 எவ்வளவு கொறைஞ்சிருக்கோ அவ்வளவு பழசுங்கிறதுதான் அந்தக் கணக்கு: பெட்ரோல், நிலக்கரி எல்லாம் ரொம்ப ரொம்பப் பழசு, அதுல கார்பன் 14 மிச்சமே இல்ல, அத எரிச்சு எரிச்சு காத்துல கலந்தா இன்னிக்கு மொளைக்கிற செடிகூட அந்தக் கணக்குல வயசானதாத் தெரியும்.

உருண்டையா வளர்ற பெரிய பவளத்துல மரத்துல இருக்குற மாதிரி வருச வளையம் உண்டு, அத அறுத்து ஆராய்ஞ்சா அந்தந்த வருசம் கடல் எவ்வளவு சூடா இருந்துச்சுன்னுகூட கணிக்கலாம். அப்ப நம்ம ஊர் பழைய சொவருங்கள்ல என்னென்ன பதிஞ்சு கெடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. குழி தோண்டுறவரும் கடல் படிச்சவரும் ஒண்ணா வந்து நிக்க வேண்டிய எடம் இது. வீடு இடிக்கிறதுக்கு முன்னாடி நாலு போட்டோ, எந்த வருசம் கட்டுனது, எந்தப் பாருல எடுத்த கல்லு, இத எழுதி வச்சாலே போதும், கல்லு எடுத்த பெரியவங்க சிலர் இன்னும் உசுரோட இருக்காங்க, அவங்ககிட்ட இப்பவே கேக்கணும்.

எங்க மாமாகிட்ட கேட்டேன். ஒரு கல்ல கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது அப்பா தீவுப் பக்கத்துக் கல்லுடா மாப்ள"ன்னாரு. அப்பா தீவுங்கிறது அந்த 21 தீவுல ஒண்ணு. அஞ்சு கல்லு எடுத்து எந்தச் சொவருன்னு எழுதி வச்சிருக்கேன். மிச்சமெல்லாம் அன்னிக்குச் சாயங்காலமே டிராக்டர்ல ஏத்தி ரோட்டுப் பள்ளத்துல கொட்டிட்டாங்க.