அந்தத் தம்பிக்குக் காது நன்றாகவே கேட்கும்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பி, ரத்தப் பரிசோதனைக்காக கிளினிக்குக்குப் போய்த் திட்டு வாங்கிய விஷயம் இதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். "ஒழுங்காக இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வரட்டும்" என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது லைக். நேற்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தத் தம்பி என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படிப்பவர். முகக்கவசம் போட்டிருந்த தாதி சொன்னது, ‘டுமாரோ மார்னிங், ஃபாஸ்டிங்.’ அதாவது, நாளைக் காலை சாப்பிடாமல் வர வேண்டும். இவர் காதில் விழுந்தது, ‘ஃபர்ஸ்ட் திங்.’ அதாவது, விடிந்ததும் முதல் வேலையாக. வேலையிடத்தில் சூப்பர்வைசர் தினமும் சொல்வது அதைத்தானே. விடுதியில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். ரத்தம் எடுக்கவில்லை. வரிசையில் எல்லார் முன்னாலும் திட்டு. ஒருநாள் சம்பளமும் போச்சு.

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். ‘ஃபா’வுக்கு வாய் அகலத் திறக்கும். ‘ஃபர்’ருக்கு அவ்வளவு திறக்காது. அந்த வாயைத்தான் மூடிவிட்டோம். போதாததற்கு எஸ், எஃப் போன்ற மெல்லிய ஒலிகளையும் முகக்கவசம் மழுக்கிவிடும்; என்95 என்றால் 12 டெசிபெல் வரைகூடக் குறையும். பேச்சைக் கண்ணாலும் கேட்கிறோம் என்று மெக்கர்க், மெக்டொனால்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976லேயே காட்டிவிட்டார்கள்.

"கோவிட் நேரத்தில் எங்களுக்கெல்லாம் புரிந்ததே?" என்பார்கள். புரியும். பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் பாதிச் சொல் விழுந்தாலும் மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். புதிதாகக் கற்பவர் எதை வைத்து நிரப்புவார்?

எனக்கே நடந்தது. 2022ல் சீனமொழி வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் சொல்லும் ‘யி’யும் ‘யூ’வும் எனக்கு ஒரே மாதிரி கேட்டன. ‘யூ’ என்றால் மீன்; அந்தச் சொல்லை மாதக்கணக்கில் தப்பாகச் சொன்னேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 முதல், வகுப்பறை போன்ற உள்ளரங்குகளில் முகக்கவசம் கட்டாயமில்லை என்றானது. அடுத்த வகுப்பில்தான் அவர் உதட்டைப் பார்த்தேன். நாக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உதடு மட்டும் குவிகிறது. அவ்வளவுதான்! எனக்குப் பட்டம் இருக்கிறது, அதனால் என்னை யாரும் மக்கு என்று சொல்லவில்லை.

தாதிகளைக் குறை சொல்கிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். என் அக்காவும் தாதிதான். முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நோயாளி இருக்கும் இடத்தில் அது வேண்டும், சரி. ஒரு துண்டுத்தாளில் ‘சாப்பிடாமல் வரவும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். வயிற்றைத் தொட்டு, கையை ஆட்டிக் காட்டியிருந்தால்கூடப் போதும். அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடுமா?

லைக் போட்ட நாற்பது பேரில் ஏழு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இரண்டு பேர் தீபாவளிக்கு என் வீட்டில் சாப்பிட்டவர்கள். உங்கள் தாத்தா இந்த ஊருக்கு வந்து இறங்கியபோது எவ்வளவு இங்கிலீஷ் பேசினார்?

தம்பி இந்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும்.